விபத்து இல்லாத பதினான்கு நாட்கள்

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு வெர்னன் ஹாக்லண்ட் கூடத்துத் தரையில் மண்டிபோட்டு, சூப்புக் கரண்டியால் மண்ணை அள்ளிப் பெரணிச் செடித் தொட்டிக்குள் திணித்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி மார்லிஸ் விமானம் ஏறி முழுசாக ஒரு நாள்கூட ஆகவில்லை.

தொட்டியைக் கவிழ்த்த இருவரும் சோபாவின் முதுகில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். செவலை நிறத்தவன் வாஃபிள். சாம்பல் நிறத்தவள் நிக்கல். ஒன்றரை வயசுப் பூனைகள். வீட்டை விட்டு வெளியே போனதே இல்லை. அமெரிக்காவின் வடக்குக் கோடியில் இருக்கும் டுலூத் ஊரின் ஜனவரிக் குளிரில் வெளியே போக அவற்றுக்கு என்ன பைத்தியமா?

"யாரு பண்ணினது இது?" என்றார் வெர்னன்.

வாஃபிள் கொட்டாவி விட்டான்.

"கேட்டா பதில் வரணும். நான் மார்லிஸ் இல்ல, ஞாபகம் வச்சுக்கோங்க."

அந்த நேரம் பார்த்து, டிவிக்குப் பக்கத்து அலமாரியில் இருந்த, நெற்றியில் ஒற்றைக் கண் மாதிரி கறுப்புக் கண்ணாடி வட்டம் வைத்த தீனிப் பெட்டி கடகடவென்று சத்தம் போட்டு நாலைந்து துண்டுத் தீனியைத் துப்பியது. இரண்டு பூனைகளும் வெர்னனின் முதுகையே படிக்கட்டாக்கி அந்தப் பக்கம் பாய்ந்தன. தொட்டி மறுபடியும் சாய்ந்தது. வெர்னன் மறுபடியும் கரண்டியை எடுத்தார்.

அவர் சாதாரண ஆள் இல்லை. ஒரு காகித ஆலையில் முப்பத்தொரு வருஷம் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர். ஆலை வாசலில் 'விபத்து இல்லாத நாட்கள்' என்று ஒரு பெரிய பலகை. தினமும் அதில் எண்ணை மாற்றுவது அவர் பொறுப்பு. ஒரு தடவை அது நானூற்றுப் பன்னிரண்டைத் தொட்டது. அந்த நானூற்றுப் பன்னிரண்டு நாட்களுக்குள் இரண்டு பேருக்குக் கட்டைவிரல் நசுங்கியது, ஒருவர் ஏணியிலிருந்து விழுந்தார். அதையெல்லாம் 'தனிப்பட்ட அசௌகரியம்' என்று அறிக்கையில் எழுதிப் பலகையைக் காப்பாற்றியவர் வெர்னன். அவர் ஓய்வு பெற்ற அன்று, அதே பலகையைச் சின்னதாகச் செய்து பரிசு கொடுத்தார்கள். கிண்டலுக்குத்தான் கொடுத்தார்கள். மனிதர் கண்கலங்கி வாங்கிக்கொண்டார்.

கிறிஸ்துமஸோடு அவருக்கு ஓய்வு வந்தது. புது வருஷத்தோடு மார்லிஸுக்கு ஓய்வு போயிற்று. அவள் காலையிலிருந்து சாயங்காலம் வரை பூனைகளின் பின்னால் ஓடுவாள். வெர்னன் நாற்காலியில் சாய்ந்தபடி ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டுக்கொண்டிருப்பார்.

"ஒரு மணி நேரத்துல பதினேழு தடவை 'இறங்கு இறங்கு'ன்னு கத்தினே. ஒரு தடவைகூட இறங்கல. உன்கிட்ட ஒரு முறையே கிடையாது மார்லிஸ்."

"ஓ."

"மூல காரணம் என்னன்னு பார்க்கணும். நான் இருநூத்தி நாப்பது ஆளை மேய்ச்சவன். இதுங்க ரெண்டும் சேர்ந்து ஒரு மூட்டை உருளைக்கிழங்கு எடைகூடத் தேறாது."

"அது ஒரு வித்தியாசமான யோசனைதான்," என்றாள் மார்லிஸ்.

அந்த ஊரில் யாரும் யாரையும் முகத்துக்கு நேரே திட்ட மாட்டார்கள். வித்தியாசமாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், நாசமாய்ப் போ என்று அர்த்தம். முப்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் வெர்னனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

பிறகுதான் தெற்கே வெயில் கொளுத்தும் டூசான் நகரத்திலிருந்து மார்லிஸின் அம்மா ஆர்டிஸ் கூப்பிட்டாள். கண்ணில் புரை, ஆபரேஷன், இரண்டு வாரம் துணைக்கு ஆள் வேண்டும். பெட்டியைக் கட்டும்போது மார்லிஸ் சாவகாசமாகச் சொன்னாள்.

"வெர்ன், ரெண்டு வாரம் உன் முறைப்படியே பார்த்துக்கோ. ஒரு சாமான் உடையாம, ஒரு துணி கிழியாம இருந்துச்சுன்னா நான் இனிமே வாயே திறக்கல. ஆனா ஒண்ணே ஒண்ணு போச்சுன்னாலும் உன் கீழ் ரூம் பூனைங்களுக்கு. சுவர் முழுக்கப் பலகை அடிச்சு, ஏறி இறங்கப் பாலம் போட்டு, ஆட்டத்தையெல்லாம் அங்க வச்சுக்கட்டும்."

"கையைக் குடு!" என்றார் வெர்னன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் அவருக்கு நல்ல அனுபவம் உண்டு.

கீழ் ரூம் என்பது நிலவறை. இருபத்திரண்டு வருஷமாக அவருடைய ராஜ்யம். அவர் உடம்பின் பள்ளம் விழுந்த பழைய நாற்காலி, ஒரு டிவி, உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கிற சாமான்கள், சுவரில் வரிசையாக ஒன்பது தூண்டில்கள். ஆலையில் ஒரு அறை இருந்தது, போய்விட்டது. மேஜை இருந்தது, போய்விட்டது. இனி இந்த உலகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு 'இது என் இடம்' என்று உட்கார அது ஒன்றுதான் மிச்சம். அதுவும் போய்விட்டால் எங்கே போய் உட்காருவது?

வாசலில் மார்லிஸ் ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போனாள். "எதை வேணா மாத்திக்கோ. அந்தப் புதுத் தீனிப் பெட்டியை மட்டும் தொடாதே, பிளக்கைப் பிடுங்காதே. அவங்க வயித்துக்கு அளந்து போடும். கையேடு அதுக்கு அடியில இருக்கு, படிச்சுக்கோ."

"தீனி போடற டப்பாவுக்கு ஒரு கையேடா? போயிட்டு வா தாயே!"

இருநூற்று நாற்பது பேரிடம் 'கையேட்டைப் படித்தேன்' என்று வருஷா வருஷம் கையெழுத்து வாங்கிய மனிதர் சொன்னது இது.

செடித் தொட்டியைச் சரிசெய்ததும் வெர்னன் ஆலைப் பழக்கப்படி விபத்து அறிக்கை எழுத உட்கார்ந்தார். 'நிகழ்ந்தது: மண் இடமாற்றம். சேதம்: இல்லை. மூல காரணம்: மார்லிஸ். பூனைகளுக்கு அவள் முறையான பயிற்சி தரவில்லை.' குளிர்சாதனப் பெட்டியின் கதவில் மாட்டிய சின்னப் பலகையில் '1' என்று எழுதினார்.

மறுநாள் தொட்டியை உத்தரத்தில் கொக்கி அடித்துத் தொங்கவிட்டார். செடிக்கு வெளிச்சம் வேண்டுமே என்று ஜன்னலுக்குப் பக்கத்திலேயே தொங்கவிட்டார். வாஃபிள் செடியைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், தரை வரை தொங்கிய திரைச்சீலையைப் பார்த்தான். பதினோரு மணிக்குத் திரையில் ஏறிக் கம்பியில் நடந்து செடிக்குத் தாவினான். திரை, கம்பி, செடி, பூனை எல்லாம் ஒரே நேரத்தில் கீழே வந்தன. பூனை மட்டும் காலில் நின்றது.

கடகடவென்றது தீனிப் பெட்டி.

"வேளை கெட்ட வேளையில இது வேற," என்று முணுமுணுத்தார் வெர்னன். 'திரை தற்காலிகமாக இறக்கப்பட்டது. மூல காரணம்: மார்லிஸ்.' பலகையில் '2'.

அன்று சாயங்காலம் மார்லிஸ் கூப்பிட்டாள்.

"எப்படிப் போகுது வெர்ன்?"

"தேவாலயம் மாதிரி இருக்கு வீடு. அவ்வளவு அமைதி."

அந்தப் பக்கம் யாரோ விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கேட்டது.

"யாரு, உங்கம்மாவா? எதுக்குச் சிரிக்கறாங்க?"

"ஆபரேஷன் நல்லா ஆயிடுச்சுல்ல, எல்லாம் பளிச்சுனு தெரியுதாம். ஏதோ புதுசா ஒரு நிகழ்ச்சி பிடிச்சு வச்சிருக்கா. காலையில காபியோட உக்காந்தா எழுந்திருக்கவே மாட்டேங்கறா."

"பார்க்கட்டும், பாவம். அவங்களுக்கும் பொழுது போகணும்ல," என்றார் வெர்னன் பெருந்தன்மையாக.

"அங்க குளிர் எப்படி? ஜன்னல் திரையெல்லாம் ஒழுங்கா இழுத்து விட்டிருக்கியா?"

வெர்னன் தரையில் குவிந்து கிடந்த திரையைப் பார்த்தார். பொண்டாட்டிகளுக்கு முதுகிலும் கண் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை, இரண்டு பக்கமும் ஒட்டுகிற நாடாவை வாங்கி வந்து ஜன்னல் சட்டம், சோபா, மேஜை விளிம்பு எல்லாவற்றிலும் ஒட்டினார். பூனைக்குக் காலில் பிசுபிசுத்தால் பிடிக்காது, கிட்டவே வராது என்று கடைக்காரர் சொன்னது உண்மைதான். நிக்கலுக்குப் பிடிக்கவே இல்லை. முன்னங்காலில் ஒட்டிய நாடாவை உதற அவள் ஓடிய ஓட்டத்தில், நாடாவின் மறுமுனை மேஜை விரிப்பைப் பிடித்துக்கொண்டது. விரிப்போடு பழத் தட்டு வந்தது. பழத் தட்டோடு மார்லிஸின் அத்தை கொடுத்த நீலப் பீங்கான் கோழி ஜாடி வந்தது. பிஸ்கட் போட்டு வைக்கிற ஜாடி. முப்பத்தாறு வருஷமாக அசையாமல் உட்கார்ந்திருந்த கோழி அன்றைக்குத்தான் முதலும் கடைசியுமாகப் பறந்தது.

வெர்னனின் கண்ணுக்கு முன்னால் அவருடைய நாற்காலி, டிவி, ஒன்பது தூண்டில் எல்லாம் வரிசையாக வெளியேறின.

கடகட, கடகட. இந்தத் தடவை பெட்டி இரண்டு பங்கு தீனி போட்டது.

"அடப் பாவிகளா! வீட்டை இடிச்சவங்களுக்கு விருந்தா?"

கோழியின் துண்டுகளைப் பொட்டலம் கட்டிக்கொண்டு, ஊர் எல்லைப் பாலத்தைத் தாண்டிப் பக்கத்து ஊர்களில் பழைய சாமான் கடைகளை மூன்று நாள் சல்லடை போட்டுச் சலித்தார். கடைசியில் ஒன்று கிடைத்தது. அதே நீலம், அதே அளவு. ஒரே குறை, உடைந்த கோழி இடது பக்கம் பார்த்தது, இது வலது பக்கம் பார்த்தது. வெர்னன் அதைச் சுவர் பக்கம் முகத்தைத் திருப்பி, கோபித்துக்கொண்ட மாதிரி உட்கார வைத்தார். 'கோழி பராமரிப்புக்காகச் சென்று திரும்பியது. மூல காரணம்: மார்லிஸ்.' பலகையில் '6'.

"கோழி ஜாடியைத் துடைச்சியா வெர்ன்?" என்று அன்றைக்கே கேட்டாள் மார்லிஸ்.

"கோ... கோழிக்கு என்ன? ஜம்முனு இருக்கு."

அந்தப் பக்கம் ஆர்டிஸுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. கண் ஆபரேஷன் பண்ணினவர்கள் இவ்வளவு சிரிக்கலாமா, தையல் விட்டுப் போகாதா என்று வெர்னன் உண்மையாகவே கவலைப்பட்டார்.

திங்கட்கிழமை பக்கத்து வீட்டு கார்டி, தன் வாசல் பனியைத் தள்ளிய கையோடு இவர் வாசலையும் தள்ளிவிட்டு, ஒரு ஹாட்டிஷ் பாத்திரத்தோடு உள்ளே வந்தார். மேலே உருளைக்கிழங்கும் அடியில் இறைச்சியும் போட்டு வேகவைத்தது. மனைவி ஊரில் இல்லாத ஆண்பிள்ளை பட்டினி கிடந்து செத்துவிடுவான் என்பது அந்தத் தெருவின் நம்பிக்கை. கார்டி கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். உத்தரத்தில் வெறும் கொக்கி, சோபாவில் முடி ஒட்டிய நாடா, சுவரைப் பார்க்கும் கோழி.

"வித்தியாசமாத்தான் வச்சிருக்கே," என்றார்.

"கிண்டல் வேணாம் கார்டி. ரூம் போயிடும் போல இருக்கு."

"ஏம்ப்பா, வயசுப் பசங்க மாதிரி அதுங்க. உடம்புல இருக்கற முறுக்கு எங்கயாவது இறங்கணும்ல? ஓட விடு. ஓடி ஓடிக் களைச்சா தானா படுத்துக்கும்."

வெர்னனுக்கு இந்த யோசனை பிடித்தது. இதில் கால அட்டவணை போடலாம். ஏழரைக்கு இறகுக் குச்சி, பத்துக்குப் பந்து, மூன்றுக்குச் சிவப்பு விளக்குப் புள்ளி. மூன்று நாள் விடாமல் ஓட்டினார். வாஃபிளும் நிக்கலும் ஓடினார்கள், தாவினார்கள், சுவரில் நாலடி ஏறித் திரும்பினார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் யார் களைத்தது என்று பார்த்தால் வெர்னன்தான் சோபாவில் வாய் பிளந்து படுத்திருந்தார். பூனைகளுக்கு மட்டும் தோளும் தொடையும் திரண்டு, அதுவரை எட்டாத சமையலறை மேல் அலமாரி இப்போது ஒரே தாவலில் எட்டியது. அங்கே மாவு டப்பா இருந்தது.

மாவு மழையில் நனைந்த பூனைகள் தீனிப் பெட்டியை நோக்கி ஓடின. அது ஏற்கனவே கடகடத்துக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை கடைசி ஆயுதத்தை வாங்கினார். ஆள் அசைவு தெரிந்தால் 'புஸ்' என்று காற்றைப் பீய்ச்சுகிற ஒரு குப்பி. சமையல் மேடையில் பூனை ஏறினால் முகத்தில் அடிக்கும், பிறகு ஜென்மத்துக்கும் ஏறாது. அதை மேடையில் வைத்தார். மேடை எல்லையில் கறுப்பும் மஞ்சளுமாக எச்சரிக்கைப் பட்டை ஒட்டினார். 'அனுமதி இல்லாமல் நுழையாதே' என்று ஒரு அட்டையும் வைத்தார். யார் படிப்பதற்கு என்று கேட்காதீர்கள்.

பூனைகள் வாசலிலேயே உட்கார்ந்து அந்தக் குப்பியைப் பார்த்தன. அரை மணி நேரம் பார்த்தன. யாராவது முதலில் போகட்டும் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. வெர்னன் தன் ஏற்பாட்டை மெச்சிக்கொண்டே போய்க் காபியை ஊற்றினார்.

'புஸ்!'

கையிலிருந்த கோப்பை உத்தரம் வரை போனது. காபி சுவரில் அடித்தது. பின்னால் நகர்ந்தவர் எச்சரிக்கைப் பட்டையில் கால் மாட்டி, கூடத்துக்குள் பாதி உடம்பு வருகிற மாதிரி மல்லாக்க விழுந்தார்.

கடகட, கடகட, கடகட.

"நான் விழுந்ததுக்குமாடா?" என்று படுத்தபடியே தீனிப் பெட்டியைப் பார்த்துக் கத்தினார் வெர்னன். பூனைகள் அவர் வயிற்றின் மேல் நடந்து தீனிக்குப் போயின.

அப்படியே பத்து நிமிஷம் படுத்திருந்தார். இடுப்பு வலித்தது. உத்தரத்திலிருந்து காபி சொட்டியது. இந்த மார்லிஸ் தினமும் இதைத்தானே செய்துகொண்டிருந்தாள், நான் நாற்காலியில் உட்கார்ந்து கோடு போட்டேனே என்று ஒரு கணம் தோன்றியது. வெட்கமாகவும் இருந்தது. ஆனால் எழுந்து உட்கார்ந்ததும் நோட்டுப் புத்தகம் கையருகே கிடந்தது. பழக்கம் யாரை விட்டது? 'தனிப்பட்ட அசௌகரியம். மூல காரணம்: மார்லிஸ்.' பலகையில் '11'.

இன்னும் மூன்று நாள். மேல் வீட்டைத் துடைத்து, சுவருக்குச் சாயம் பூசி, திரையைத் தைத்து மாட்ட வேண்டும். பூனைகள் மேலே இருக்கும் வரை அது நடக்காது. யோசித்து யோசித்து, வீட்டிலேயே கதவும் தாழ்ப்பாளும் உள்ள ஒரே பெரிய அறைக்கு அவற்றைத் தூக்கிக்கொண்டு போனார். நிலவறைக்கு.

கால் மணி நேரத்தில் வாஃபிள் தூண்டில்களைக் கண்டுபிடித்தான்.

"அதைத் தொட்டே, தொலைச்சிடுவேன்!"

தூண்டில் பக்கம் போகாமல் இருக்க அவனுக்கு வேறு உயரம் வேண்டும். வெர்னன் எதிர்ச் சுவரில் ஒரு பலகை அடித்தார். அதிலிருந்து தவறி விழுந்தால் டிவி மேல் விழும் என்று இன்னொரு பலகை. இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் ஆபத்து என்று ஒரு பாலம். பாலத்துக்குக் கைப்பிடி இல்லாவிட்டால் விதிமீறல் என்று இரண்டு பக்கமும் கம்பி. சனிக்கிழமை முழுக்கச் சுத்தியல் சத்தம் கேட்டது. அவருக்கு இடுப்பு வலிகூட மறந்துவிட்டது. நிக்கல் முதல் பலகையில் ஏறி, பாலத்தில் நடந்து வந்து, அவர் தோளில் இறங்கி, கழுத்தில் தலையை வைத்து குர்ர் குர்ரென்று கொஞ்சியபோது வெர்னனுக்கு என்னவோ செய்தது. "சரி சரி, ரொம்பக் குழையாதே," என்றார்.

கார்டி காலிப் பாத்திரத்தை வாங்க வந்தவர் நிலவறைப் படியிலேயே நின்றுவிட்டார்.

"வெர்ன், ஒண்ணு கேக்கட்டுமா? இந்த ரூமைப் பூனைக்குக் குடுக்கக் கூடாதுன்னுதானே இத்தனை பாடு பட்டே?"

"இது தற்காலிக ஏற்பாடு."

"பாலத்துக்குக் கைப்பிடி வச்சிருக்கே."

"தற்காலிகம்னா கீழ விழணுமா?"

"அதுவும் சரிதான். வித்தியாசமா இருக்கு," என்று பாத்திரத்தை வாங்கிக்கொண்டு போனார் கார்டி.

எல்லாம் சரியாக வந்தபோது ஒரு தொல்லை. பூனைகள் மூடிய கதவின் அருகே உட்கார்ந்து ஒப்பாரி வைத்தன. மேலே தீனிப் பெட்டி இருக்கிறதே! ஞாயிற்றுக்கிழமை காலை அதைத் தூக்கிவந்து கீழே வைத்துவிடலாம் என்று பிளக்கைப் பிடுங்கினார். அடுத்த நிமிஷம் தொலைபேசி அடித்தது. மார்லிஸ்.

"வெர்ன்! என்ன ஆச்சு?"

"என்ன ஆகும்? ஒண்ணும் ஆகலையே!" வெர்னன் பிளக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "நீ ஏன் பதறறே?"

"சும்மா. திடீர்னு உன் ஞாபகம் வந்துச்சு."

முப்பத்தாறு வருஷம் கழித்தும் இப்படி ஒரு பாசமா என்று அவர் நெகிழ்ந்துபோனார். பேசி முடித்ததும் பெட்டியை நிலவறைக்குக் கொண்டுபோய், நாற்காலிக்கு எதிரே டிவி மேஜையில் வைத்துப் பிளக்கை மாட்டினார். அதன் அடியில் ஒட்டியிருந்த கையேடு, பிரிக்காத உறையோடு, நழுவி விழுந்தது. வெர்னன் அதை ஆடுகிற மேஜைக் காலுக்கு முட்டுக் கொடுத்தார்.

திங்கட்கிழமை மத்தியானம் கூடம் கண்ணாடி மாதிரி இருந்தது. திரை தைத்துத் தொங்கியது. கிழிசல் மடிப்புக்குள் ஒளிந்திருந்தது. சுவருக்குச் சாயம் காய்ந்திருந்தது. பெரணிச் செடிக்குப் பாதி இலை கடையில் வாங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. கோழிக்கு இன்னும் கோபம் தீரவில்லை, அவ்வளவுதான். மார்லிஸுக்குச் சாயங்காலம் விமானம். அதற்கு முன்னால் வெர்னனே முகம் பார்த்துப் பேசுகிற அழைப்புப் போட்டார். தொலைபேசியைச் சோபாவுக்கு எதிரே நிறுத்தி, கழுத்தில் டை கட்டி, நடுவில் உட்கார்ந்தார். மடியில் அந்தச் சின்னப் பலகை: '14'.

தொலைபேசித் திரையில் டூசான் வெயிலில் மார்லிஸும் ஆர்டிஸும் அருகருகே தெரிந்தார்கள். ஆர்டிஸ் கறுப்புக் கண்ணாடி போட்டு, மடியில் இருந்த ஒரு கைக்கணினியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆர்டிஸ், கண்ணு எப்படி இருக்கு?" என்றார் வெர்னன்.

"அமோகமா இருக்கு வெர்னன். ஒண்ணு விடாம தெரியுது," என்றாள் ஆர்டிஸ், தலையை நிமிர்த்தாமலே.

"இப்பவும் அந்த நிகழ்ச்சிதானா?"

"இன்னைக்குக் கடைசி நாளாச்சே!"

வெர்னன் கனைத்துக்கொண்டார். பலகையை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "மார்லிஸ், பதினாலு நாள். பூஜ்யம் விபத்து. ஒரு சாமான் உடையல, ஒரு துணி கிழியல. இங்க பாரு திரை. இங்க பாரு செடி. அதோ கோழி."

"கோழி ஏன் சுவரைப் பார்க்குது?"

"வெளிச்சத்துல சாயம் போயிடும்னுதான்."

"பூனைங்க எங்க?"

"தூங்கறாங்க. இந்த நேரத்துக்குத் தூங்கணும்னா தூங்குவாங்க. முறைன்னு ஒண்ணு இருந்தா எல்லாம் தன்னால வரும். உன்னைக் குத்தம் சொல்லல, உனக்கு அந்தப் பயிற்சி இல்ல, அவ்வளவுதான்."

மார்லிஸ் அம்மாவின் மடியை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். உதடு லேசாகத் துடித்தது. அழப்போகிறாளோ என்று வெர்னனுக்குப் பாவமாகக்கூட இருந்தது.

"சரி வெர்ன்," என்றாள் கடைசியில். "நீதான் ஜெயிச்சே. கீழ் ரூம் உனக்கே."

இரண்டு வாரத்தில் முதல் தடவையாக வெர்னனுக்கு மூச்சு முழுசாக உள்ளே போனது. நாற்காலி, டிவி, ஒன்பது தூண்டில். எல்லாம் தன்னுடையது, சாகிற வரைக்கும். பலகைகளையும் பாலத்தையும் மார்லிஸ் வருவதற்குள் கழற்றிவிடலாம். அல்லது பாலம் மட்டும் இருக்கட்டும், நிக்கலுக்குப் பிடித்திருக்கிறது. அவர் சோபாவில் சாய்ந்து, டையைத் தளர்த்தினார்.

அப்போது மடியில் இருந்ததைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த ஆர்டிஸ் துள்ளி எழுந்து, மகளின் கையைப் படாரென்று தட்டிவிட்டாள்.

"கையை எடு மார்லிஸ், அந்தச் செவலை கீழ் ரூம்ல பாலத்துலேர்ந்து தூண்டிலுக்குத் தாவப் போகுது, நேத்து பூரா நீயே அமுக்கிட்டே, இந்தத் தடவை தீனி போடற பட்டனை நான்தான் அமுக்குவேன்!"